பாறைநெய்யின் பிறப்பு

பெற்றோலியம் என்னும் பெயர், பாறை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றும் எண்ணெய் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லொன்றும் கூடி அமைந்தது. பாறையினின்று பெறப்படும் நெய் என்பதை அப்பெயரே உணர்த்தி நிற்கும். ஆனால், பாறையினுள் அது எவ்வாறு வந்தது என்னும் வினாவிற்குப் பெயரில் விடையில்லை. விடை காணப் புகுந்த அறிஞர் இருநூற்றைம்பது ஆண்டுகளாக இரு கட்சியினராய்ப் பிரிந்து நின்று வாதிட்டு வந்துள்ளனர். கடலிலும் ஏரியிலும் வாழ்ந்த நுண்ணுயிர்களின் உடற்பொருள் சேற்றோடு புதைந்து, புவியின் வெப்பத்தால் மாறுதலுற்று எண்ணெயாயிற்று என்பது ஒரு கட்சி. இது சேதனக் கொள்கை எனப்படும். எண்ணெய்க்கும் உயிருக்கும் யாதொரு தொடர்புமில்லை. புவியின் பேராழத்திலுள்ள காபனும் ஐதரசனுமே நேரே கூடி எண்ணெயாகி மேலெழுந்தன என்பது மற்றைக் கட்சி. இஃது அசேதனக் கொள்கை எனப்படும்.

பாடநூல்கள் பெரும்பாலும் முதற்கொள்கையை ஒரு பக்கத்தில் விளக்கி, இரண்டாவதனை ஒரு வரியில் ஒதுக்கிவிடுகின்றன. அங்ஙனம் ஒதுக்குதல் முறையன்று. தோற்ற கட்சியின் வாதத்தைக் கேளாதவன் வென்ற கட்சி எதனால் வென்றது என்பதையும் அறியமாட்டான். அன்றியும், அசேதனக் கொள்கையை எடுத்து நிறுத்தியோர் எளியோருமல்லர். மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையை உலகிற்கு அளித்த மெண்டலீவ் அவருள் ஒருவர். சேதன இரசாயனத்தில் 1947ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற சேர் றொபேட் றொபின்சன் அக்கொள்கைக்குப் பாதி இடங்கொடுத்தவர். துடிவிண்மீன்கள் விரைந்து சுழலும் நியூத்திரன் விண்மீன்களே என 1968ஆம் ஆண்டிற் சரியாக உரைத்த வானியலறிஞர் தோமசு கோல்டு அதன் பிற்கால முதல்வர். இத்தகையோர் ஒரு கொள்கையைக் கைக்கொண்டனரெனின், அவரை அதன்பால் ஈர்த்தது யாது என்பதையும், அவர் எவ்விடத்தில் வழுவினர் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

இவ்வழக்கு நாட்டுப்பற்றோடு கலந்து பேசப்படுவதுமுண்டு. அசேதனக் கொள்கையை 'உருசியக் கொள்கை' என்றும், சேதனக் கொள்கையை 'மேனாட்டார் கொள்கை' என்றும் பிரித்துரைப்பாருளர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. நிலத்துட் புதைந்த தாவரப் பொருள்கள் உள்வெப்பத்தாற் காய்ச்சி வடிக்கப்பட்டு எண்ணெயாயின என்று தெளிவாக எடுத்துரைத்த முன்னோருள் தலைசிறந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டின் உருசியப் பேரறிஞர் உலோமொனோசொவ். சோவியத்து எண்ணெய்த் தொழிலின் தந்தையெனப் போற்றப்படும் குப்கின் 1932ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலிற் சேதனக் கொள்கையையே நிலைநாட்டினார். எண்ணெய் உருவாதற்குரிய தலைமையான ஒரு கட்டம் உண்டென்றும், அது குறித்ததோர் ஆழத்திலும் வெப்பத்திலும் நிகழ்வதென்றும் 1967ஆம் ஆண்டில் வரையறுத்த வசோயேவிச்சு என்பாரும் சோவியத்து நாட்டினரே. மறுபுறத்தில், அசேதனக் கொள்கைக்கு இரசாயன வடிவு கொடுக்க முயன்றோருள் 1866ஆம் ஆண்டில் முன்வந்த பேர்தலோ பிரெஞ்சு நாட்டினர். ஆகவே நாட்டெல்லையை வைத்து இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது.

மெண்டலீவின் கருத்தை அவர் காலத்தில் வைத்தே மதித்தல் வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859ஆம் ஆண்டு திறேக்கு என்பார் ஏறக்குறைய 21 மீற்றர் ஆழத்தில் எண்ணெயைக் கண்டபின் எழுந்த தொழிலை, 1876ஆம் ஆண்டு மெண்டலீவ் நேரிற் சென்று பார்த்தார். பாக்கு நகரத்து எண்ணெய் வயல்களையும் அறிந்தவர் அவர். எண்ணெய் ஊறும் இடங்கள் மலைத்தொடர்களை ஒட்டி நீண்ட வரிசையாக அமைந்திருத்தல் அவருடைய கருத்தைக் கவர்ந்தது. மலை எழும்போது புவியோடு வெடிக்கின்றது; அவ்வெடிப்பின் வழியே நீர் கீழிறங்குகின்றது; ஆழத்திலுள்ள இரும்புக் காபைட்டை நீராவி தாக்க ஐதரோகாபன்கள் பிறக்கின்றன; அவை அவ்வழியே மேலெழுந்து குளிர்கின்றன. இதுவே 1877ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட விளக்கத்தின் சாரம். காபன் கலந்த வார்ப்பிரும்பை அமிலத்திற் கரைத்தால் எண்ணெய் போன்ற பொருள் சிறிது தோன்றுதலை இரசாயன கூடத்திலே கண்டவர்க்கு இவ்விளக்கம் இயல்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. இதற்கு எதிராக அக்காலத்துச் சேதனக் கட்சியார் காட்டத்தக்க சான்று யாதிருந்தது? மிகக் குறைவே. நிலக்கரியில் இலையின் சுவடும் மரத்தின் இழையும் கண்ணாற் காணக் கிடந்தன; எண்ணெயிலோ உயிரின் சுவடெதுவும் காணப்படவில்லை.

சேதனக் கட்சியார் முதலிற் கொணர்ந்த சான்றும் அத்துணை வலியுடையதன்று. 1888ஆம் ஆண்டு சேர்மனியில் எங்கிளர் என்னும் இரசாயனர் மீனெண்ணெயை அமுக்கத்தில் வைத்துக் காய்ச்சி வடித்துப் பெற்றோலியத்தை ஒத்ததொரு திரவத்தைப் பெற்றார். அறிஞர் பலர் அதனை முடிந்த முடிபாகக் கொண்டனர். மீனெண்ணெயிலிருந்து பெற்றோலியத்தைப் போன்ற பொருளைப் பெறலாம் என்பது ஒன்று. இயற்கையிலே பெற்றோலியம் மீனிலிருந்து வந்தது என்பது வேறொன்று. 'ஆகலாம்' என்பதை 'ஆயிற்று' எனக் கொள்ளும் இப்பிழையைப் பின்னாளில் அசேதனக் கட்சியார் பன்முறை செய்தனர். ஆனால் அதனை முதலிற் செய்தோருள் சேதனக் கட்சியாரும் உளர் என்பதை மறத்தல் ஆகாது. இராட்சதப் பல்லிகளின் உடலே எண்ணெயாயிற்று என்று சிறுவர்க்குப் படம் வரைந்து காட்டும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை. எண்ணெயின் மூலப்பொருள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அல்காக்களும் பற்றீரியாக்களுமேயன்றிப் பேருயிர்களல்ல.

வழக்கின் போக்கை மாற்றியது 1934ஆம் ஆண்டு. மியூனிக் நகரத்திலே திறைப்சு என்னும் இரசாயனர் பெற்றோலியத்திலும் எண்ணெய்க் களிப்பாறைகளிலும் போபைரின் என்னும் சேர்வைகளைப் பிரித்தெடுத்தார். தாவரத்தின் பச்சையத்திற்கும் குருதியின் செம்பொருளுக்கும் நடுவிலமைந்த வளையக் கட்டமைப்பே போபைரின் ஆகும். பச்சையத்தின் நடுவே மகனீசியம் இருக்கும். எண்ணெயிற் கண்டவற்றிலோ அதனிடத்தை வனேடியம் பற்றியிருந்தது. மகனீசியம் நீங்கி வனேடியம் புகுந்து, பக்கக் கிளைகள் சில உதிர்ந்து, நடுக்கட்டு மாத்திரம் எஞ்சியிருந்தது. கூரையும் கதவும் போய் அடித்தளமும் தூண்களும் மட்டும் நிற்கும் பழைய வீட்டை அதன் அமைப்பைக் கொண்டு இன்னாருடையதென இனங்காண்பதுபோல், இன்ன மூலக்கூறு இன்ன உயிர்ப்பொருளின் எச்சமென்று காணும் கலை அன்று பிறந்தது. மேலும் போபைரின்கள் மிகுந்த வெப்பத்தைத் தாங்கமாட்டாதவை. எனவே எண்ணெய் கொதியுலையிற் பிறந்ததன்று. மிதமான சூட்டிற் பிறந்தது என்பதும் அதனாற் புலப்பட்டது.

அதன்பின் இத்தகைய எச்சங்கள் பல கண்டறியப்பட்டன. பற்றீரியாக்களின் உடற்சுவரிலிருந்து வரும் ஒப்பேன்கள், அல்காக்களின் கொழுப்பிலிருந்து வரும் சுதெரேன்கள் என்பன அவற்றுட் சில. இவற்றுள் ஒலியனேன் என்னும் சேர்வை தனித்துக் குறிப்பிடத்தக்கது. அது பூக்குந் தாவரங்களின் பொருளிலிருந்து வருவது. பூக்குந் தாவரங்களோ புவியின் வரலாற்றிற் பிந்தித் தோன்றியவை. கிரெத்தேசியக் காலத்திலேயே அவை பெருகின. கணிசமான ஒலியனேன் கொண்ட எண்ணெய்களை ஆராயின், அவற்றின் தாய்ப்பாறைகள் பெரும்பாலும் கிரெத்தேசியக் காலத்தனவாகவோ அதற்குப் பிந்தியனவாகவோ இருக்கின்றன. பூவிற்கு முற்பட்ட பாறையின் எண்ணெயிற் பூவின் எச்சம் இல்லை. பூவிற்குப் பிற்பட்டதில் உண்டு. எண்ணெய் முழுவதும் புவியின் ஆழத்தில் உயிர்த்தொடர்பின்றிப் பிறந்ததாயின், மேலே நிகழ்ந்த தாவர வரலாற்றை அஃது எங்ஙனம் அறிந்து பின்பற்றும்?

இனி எண்ணெய் பிறக்கும் முறையைச் சிறிது நோக்குதல் தகும். கடலிலும் ஏரியிலும் மடியும் மிதவையுயிர்களுட் பெரும்பங்கு உடனே அழிந்துபோம். ஒட்சிசன் புகாத சேற்றில் விழும் சிறுபங்கே எஞ்சும். அது நுண்களியோடு கலந்து புதையுண்டு, எந்தக் கரைப்பானிலும் கரையாத கெரோசன் என்னும் சிக்கலான பொருளாகின்றது. தாய்ப்பாறையில் இஃது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருப்பினும் போதும். மேன்மேலும் படையும் அடையல்களின் பாரத்தால் அப்பாறை கீழிறங்க, வெப்பநிலை உயரும். பொதுவாக 60 முதல் 120 பாகை செல்சியசு வரையுள்ள சூட்டில், இரண்டு முதல் நான்கு கிலோமீற்றர் ஆழத்தில், கெரோசன் மெல்ல உடைந்து எண்ணெயை விடுக்கின்றது. அதனினுங் கீழே சென்றால் எண்ணெயும் உடைந்து வாயுவாம். இதற்கு வேண்டிய காலம் பல இலட்சக்கணக்கான ஆண்டுகள் முதல் கோடிக்கணக்கான ஆண்டுகள் வரை. பரிசோதனைக் கூடத்தில் அத்துணைக் காலம் காத்திருத்தல் இயலாதாகலின், வெப்பத்தைக் கூட்டிக் காலத்தைக் குறைக்கின்றனர். தாய்ப்பாறைத் துண்டுகளை நீரோடு அடைத்து முந்நூறு பாகைக்கு மேற் சில நாள்கள் சூடாக்கினால், இயற்கை எண்ணெயைப் பெரிதும் ஒத்த எண்ணெய் நீரின்மேல் மிதக்கின்றது. எங்கிளரின் மீனெண்ணெய்ப் பரிசோதனையிலும் இது பன்மடங்கு மேலானது. ஏனெனில் இங்கே எடுத்துக்கொண்டது இயற்கை வழங்கிய பாறையே.

இயற்கையும் ஓரிடத்தில் இப்பரிசோதனையை விரைந்து செய்து காட்டுகின்றது. கலிபோர்னியா விரிகுடாவின் அடியிலுள்ள குவைமாசு வடிநிலத்தில், ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில், கடலடி பிளந்து கொதிநீர் எழுகின்றது. அங்குள்ள இளஞ்சேறு அச்சூட்டில் வெந்து பெற்றோலியத்தைக் கசிகின்றது. அவ்வெண்ணெயின் காபனைக் கதிர்க்காபன் முறையால் அளந்தபோது அதன் வயது சில ஆயிரம் ஆண்டுகளே எனத் தெரிந்தது. கதிர்க்காபன் வளிமண்டலத்திற் பிறந்து உயிர்களின் வழியாகவே சேற்றை அடைவது. புவியின் ஆழத்திலிருந்து வந்த காபனில் அது துளியும் இராது.

இத்துணைச் சான்றுகள் சேர்ந்துவரும் காலத்திலேயே, 1951ஆம் ஆண்டில், சோவியத்து நாட்டின் குதிரியாவ்ட்செவ் அசேதனக் கொள்கையைப் புதுப்பித்தார். கனடாவின் அதபாசுக்காப் பகுதியில் மணலோடு கலந்து கிடக்கும் தார் போன்ற எண்ணெயின் பெருந்தொகையை அவர் முதற்சான்றாகக் காட்டினார். அத்துணை எண்ணெயைத் தரவல்ல தாய்ப்பாறை அங்கில்லை என்பது அவர் வாதம். தாய்ப்பாறையை அவர் அண்மையில் தேடினார். அது தொலைவில் இருந்தது. மேற்குக் கனடாவின் ஆழ்ந்த அடையல் வடிநிலத்திற் பிறந்த எண்ணெய் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் சரிவின் மேல்நோக்கி ஊர்ந்து வந்து அதபாசுக்காவில் தங்கிற்று என்பதைப் பின்வந்த ஆராய்ச்சி காட்டியது. அவருடைய இரண்டாவது வாதம், எண்ணெய் சில இடங்களிற் கருங்கற்பாறையினுள்ளும் காணப்படுகின்றது என்பது. உண்மையே. ஆனால் எண்ணெய் இருக்குமிடம் அது பிறந்தவிடமாதல் வேண்டும் என்னும் நியதியில்லை. கிணற்றிலே நீர் நிற்கக் கண்டு, கிணற்றுக்கல்லே நீரைச் சுரந்தது என்று எவரும் கொள்ளார்.

இவ்விரண்டாவது வாதம் பிற்காலத்தில் வியட்நாமின் கடற்பகுதியைக் காட்டி மீண்டும் எழுந்தது. வெண்புலி எனப் பொருள்படும் பாக் ஹோ என்னும் வயலில் 1980களிற் கருங்கற்பாறையின் வெடிப்புகளிலிருந்து பேரளவான எண்ணெய் கிடைத்தது. அசேதனக் கட்சியார் மகிழ்ந்தனர். ஆயின், அக்கருங்கற்பாறை மேலெழுந்து நிற்கும் ஒரு மேடு. அதன் பக்கங்களை, ஒலிகோசீன் காலத்து ஏரிச்சேற்றாலான தாய்ப்பாறைகள் அதன் உச்சியினுந் தாழ்ந்த மட்டத்தில் அணைத்துக் கிடக்கின்றன. எண்ணெய் பக்கத்திலிருந்து மேடேறி வெடிப்புள் நுழைந்தது. எண்ணெயிலுள்ள மூலக்கூற்றெச்சங்களும் அவ்வேரிப்பாறையின் எச்சங்களும் ஒத்திருக்கின்றன. சான்றென்று கொணர்ந்தது எதிர்க்கட்சிக்கே சான்றாயிற்று.

அசேதனக் கொள்கையின் வலிமிக்க வாதம் புவிச்சரிதவியலிலன்று, வெப்பவியக்கவியலிலே உள்ளது. 2002ஆம் ஆண்டு கெனி என்பாரும் உருசிய அறிஞர் மூவரும் வெளியிட்ட கட்டுரை அதன் நிறைவான வடிவம். சாதாரண அமுக்கத்தில், மெதேனினும் பெரிய ஐதரோகாபன்கள் உறுதியற்றவை; ஏறக்குறைய முப்பதினாயிரம் வளிமண்டல அமுக்கத்திற்கு மேல், அஃதாவது நூறு கிலோமீற்றர் ஆழத்திலேதான், அவை தாமே உருவாக இயலும்; ஆகவே ஆழங்குறைந்த அடையற்பாறையில் எண்ணெய் பிறத்தல் இயற்கை விதிக்கு முரண் என்பர் அவர். அதனைச் செயலிற் காட்டவும் செய்தனர். சலவைக்கல், இரும்பொட்சைட்டு, நீர் ஆகிய மூன்றையும் ஐம்பதினாயிரம் வளிமண்டல அமுக்கத்தில் 1500 பாகை வரை சூடாக்கி, மெதேன் முதலாகப் பல ஐதரோகாபன்களைப் பெற்றனர். பரிசோதனை சிறந்ததே. அதிலிருந்து எடுத்த முடிபே ஆராய்தற்குரியது.

முதலாவதாக, ஒரு பொருள் மேனிலையாற்றலை அடைதல் முற்றாக இயலாததன்று; கூட உள்ள வேறொன்று கீழிறங்கி மொத்தக் கணக்கு இறங்குமாயின் அது நிகழும். பனஞ்சாறு புளித்துக் கள்ளாவதை எண்ணுக. கள்ளிலுள்ள மதுசாரம் தன் எடைக்குச் சருக்கரையினும் மிகுந்த எரியாற்றல் உடையது. எனினும் சருக்கரையிலிருந்து அது பிறக்கின்றது. ஏனெனில் ஒட்சிசனின் பெரும்பகுதியைக் காபனீரொட்சைட்டு வாரிக்கொண்டு வெளியேறுகின்றது. கெரோசன் உடையும்போதும் இத்தகையதே நிகழ்கின்றது. காபனீரொட்சைட்டும் நீரும் ஒரு புறம், கரி போன்ற வற்றல் ஒரு புறம், இடையிலே எண்ணெய். மொத்தத்தில் ஆற்றல் இறங்குகின்றதேயன்றி ஏறவில்லை. கெனி முதலியோர் மெதேனிலிருந்தும் எளிய மாச்சத்துப் பொருளிலிருந்தும் எண்ணெய் வரவியலாது என்று காட்டினர். சேதனக் கட்சியார் அங்ஙனம் சொன்னாரல்லர். சொல்லாத கூற்றை மறுத்தல் மறுப்பாகாது.

இரண்டாவதாக, உறுதியற்றதெல்லாம் உடனே அழிந்துபடுமென்பதும் இல்லை. வைரம் நமது அமுக்கத்தில் உறுதியற்றது, கரியமே உறுதியுடையது. ஆயினும் மோதிரத்து வைரம் கரியாவதை எவரும் கண்டிலர். இவ்விலக்கை ஒப்பாவிடின் அசேதனக் கொள்கையே முதலில் வீழும். நூறு கிலோமீற்றர் ஆழத்திற் பிறந்த எண்ணெய், அமுக்கங் குறைந்த மேற்பாறையை அடைந்து கோடியாண்டுகள் கெடாதிருக்கின்றது என்பது அவர்தங் கொள்கையன்றோ? அங்கே அஃது எவ்விதியால் நிலைநிற்கின்றதோ, அவ்விதியாலேயே தாய்ப்பாறையிற் பிறந்ததும் நிலைநிற்கும். அன்றியும், கூடத்திற் பெற்ற விளைபொருள் அழியாதிருத்தற்பொருட்டு மிக விரைந்து குளிர்விக்கப்பட்டது. புவியின் உள்ளிருந்து மெல்ல ஏறிவரும் எண்ணெயை விரைந்து குளிர்விப்பார் யார்? ஆயிரம் பாகை கடந்த இடையோட்டினூடே பல மைல் தூரம் வரும் வழியில் அது சிதைந்துபோம். இவ்வினாவிற்கு அக்கட்டுரையில் நிறைவான விடையில்லை.

மூன்றாவது குறை எளியது. அவர் பெற்றது எளிய ஐதரோகாபன்களின் கலவை. அதிற் போபைரின் இல்லை, ஒப்பேன் இல்லை. உயிர்ப்பொருளிலிருந்து வந்த சேர்வைகளுக்கு முனைவாக்கிய ஒளியின் தளத்தை ஒருபுறமாகத் திருப்பும் இயல்புண்டு. இயற்கை எண்ணெயிலும் அவ்வியல்பு உண்டு. உயிர்த்தொடர்பின்றிக் கூடிய கலவையில் இடப்புறமும் வலப்புறமும் சமமாய் அமையுமாதலின் அவ்வியல்பு தோன்றாது.

இவ்விடர்ப்பாட்டை அசேதனக் கட்சியாருள் முழுமையாக உணர்ந்தவர் கோல்டு ஒருவரே எனலாம். 1999ஆம் ஆண்டு வெளியான அவருடைய நூல், ஆழத்திலுள்ள வெம்மையான உயிருலகம் பற்றியது. எண்ணெயில் உயிரின் எச்சங்கள் உள்ளன என்பதை அவர் மறுக்கவில்லை. அவற்றின் பொருளைத் தலைகீழாக மாற்றினார். புவி உருவானபோது அதனுள் அகப்பட்ட ஐதரோகாபன்கள் இன்றும் மேலெழுந்து வருகின்றன. பல கிலோமீற்றர் ஆழத்திலுள்ள பாறைத் துளைகளிலே பற்றீரியாக்கள் அவற்றை உண்டு வாழ்கின்றன. எண்ணெயிற் காணும் எச்சங்கள் அவ்வுயிர்களுடையன. உயிர் எண்ணெயின் தாயன்று, விருந்தினன். சுருங்கச் சொல்லின் அவர் கருத்து இதுவே. றொபின்சன் 1963ஆம் ஆண்டிலே, ஆதியில் அமைந்த ஐதரோகாபனோடு உயிர்ப்பொருளும் பின்னர்க் கலந்தது என இருவழிப் பிறப்புக் கூறியிருந்தார். கோல்டு அக்கலப்பு நிகழும் வழியைக் காட்டினார். இவ்வழக்கில் எழுந்த கருத்துகளுள் இதனினும் கூரியது பிறிதொன்றில்லை.

கோல்டின் நூலிற் பாதி வென்றது. ஆழ்ந்த பாறையிலே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பதைப் பலர் ஏற்கத் தயங்கிய காலத்தில் அவர் துணிந்து உரைத்தார். சுரங்கங்களிலும் ஆழ்துளைகளிலும் கிலோமீற்றர்க் கணக்கான ஆழத்தில் அவ்வுயிர்கள் கண்டெடுக்கப்பட்டன. அவ்வகையில் அவரை எள்ளியோரே நாணவேண்டியவராயினர். மற்றைப் பாதியோ நிற்கவில்லை. ஒப்பேன் பற்றீரியாவினுடையது, அதனை அவர் விளக்கம் தழுவும். சுதெரேன் அல்கா முதலிய மேம்பட்ட கலங்களுக்குரியது. ஒலியனேன் பூமரத்துக்குரியது. போபைரின்களுட் பெரும்பகுதி பச்சையத்தின் எச்சம். பச்சையம் ஒளியை உண்பதற்குரிய கருவி. ஞாயிற்றின் ஒளி ஒருகாலும் புகாத பாதாளத்தில் வாழும் உயிர் அக்கருவியை ஏன் சுமந்திருத்தல் வேண்டும்?

கோல்டு தம் கொள்கையைக் கட்டுரையோடு நிறுத்தாமல் சோதனைக்கு விடுத்தமை பாராட்டுதற்குரியது. சுவீடனின் சில்யான் என்னுமிடத்தில் ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரிய விண்கல்லொன்று வீழ்ந்து கருங்கற்பாறையைப் பிளந்தது. ஆழத்து வாயு எழுதற்கு அதனினும் ஏற்ற இடமில்லை என அவர் கருதியதால், 1986ஆம் ஆண்டு அங்கே துளையிடத் தொடங்கினர். ஆறரைக் கிலோமீற்றருக்கு மேலும் துளை சென்றது. பின்னர் இரண்டாவது துளையும் இடப்பட்டது. ஏறக்குறைய 80 பீப்பா எண்ணெய் எடுக்கப்பட்டதென்றார் கோல்டு. வணிகத்திற்குரிய அளவில் எதுவும் கிடைக்கவில்லை. முதற்றுளையிலே துளையிடுங் கருவிக்கு வழுக்கலூட்ட எண்ணெய் கலந்த திரவத்தை உள்ளே செலுத்தியிருந்தமையால், மேலே வந்தது புவியின் எண்ணெயோ கருவியின் எண்ணெயோ என்னும் ஐயமும் எழுந்தது. எண்ணெய் தேடுவோர் எண்ணெய் கலந்த திரவத்தைச் செலுத்தித் தேடியது இரங்கத்தக்கது. சில்யானைச் சூழ்ந்த வளையத்தில் ஓடோவீசியக் காலத்துக் களிப்பாறைகள் கிடந்து எண்ணெய் கசிகின்றன என்பது முன்னரே அறிந்த செய்தி. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, அவ்விடத்து வாயுவின் பெரும்பகுதி வெடிப்புகளில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் அத்தகைய எண்ணெயைச் சிதைத்ததால் விளைந்தது எனக் காட்டியது. ஆழத்து உயிர்கள் உண்மையாயின. அவை உண்டது மேலிருந்து வந்த உணவாயிற்று.

இனி, அசேதனமாக ஐதரோகாபன் பிறவாது என்று கொண்டால் அதுவும் பிழையாம். சனிக்கோளின் துணைக்கோளாகிய தைத்தானில் மெதேன் ஏரிகளாய்த் தேங்கிக் கிடக்கின்றது. அங்கே கடலுயிர் எதுவும் மடிந்ததாகச் சான்றில்லை. 1969ஆம் ஆண்டு அவுத்திரேலியாவின் மேச்சிசன் நகரருகே வீழ்ந்த விண்கல்லிலும் ஐதரோகாபன்கள் இருந்தன. புவியிலும் உண்டு. ஒலிவின் என்னும் பச்சைக் கனிமம் நீரோடு கூடிப் பாம்புக்கல்லாக மாறும்போது ஐதரசன் விடுபடுகின்றது. அது காபனீரொட்சைட்டோடு சேர்ந்து மெதேனாகின்றது. துருக்கி நாட்டின் தென்கரையிலுள்ள யானார்த்தாசு மலையில், பாறை வெடிப்புகளினின்று எழும் சுடர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எரிந்துகொண்டிருக்கின்றன. அவ்வாயு பெரும்பாலும் இவ்வழிப் பிறந்ததே. அத்திலாந்திக்குக் கடலடியில் 2000ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட வெந்நீரூற்றுகளிலும் இத்தகைய சிறு ஐதரோகாபன்கள் உள்ளன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சுரங்கமொன்றின் பழம்பாறையிற் கண்ட வாயுக்களை ஆராய்ந்தோர், 2002ஆம் ஆண்டில், அவற்றின் காபன் சமதானிகள் உயிர்வழி வாயுவின் முறைக்கு நேர்மாறான வரிசையில் அமைந்துள்ளன எனக் காட்டினர். அவர்களே, உலகின் வணிக வாயு வயல்களிற் கண்ட வாயு அம்மாறான வரிசையைக் காட்டவில்லை என்பதையும், ஆகவே அசேதன வாயு அவற்றிற்குக் குறிப்பிடத்தக்க பங்களிக்கவில்லை என்பதையும் ஒளியாது எழுதினர். இவ்விடத்திலேயே வழக்கின் எல்லை தெளிவாகின்றது. அசேதனமாகப் பிறத்தல் இயலுமா என்பது பழைய வினா. அதற்கு விடை ஆம். எவ்வளவு என்பதே இன்றைய வினா. மெதேன் சிறிது, அதனை அடுத்த சிறு மூலக்கூறுகள் அதனினும் சிறிது. உலகம் நாளொன்றுக்கு எரிக்கும் ஏறக்குறைய பத்துக் கோடி பீப்பா எண்ணெய் அவ்வழி வந்ததென்று கொள்ளச் சான்றில்லை.

அளவைப் பற்றிய இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. எண்ணெய் ஆழத்திலிருந்து இடையறாது ஊறுவதாயின் வற்றிய வயல்கள் மீள நிரம்பும். சிக்கனமும் வேண்டா, மாற்றுவழியும் வேண்டா. அசேதனக் கொள்கையைப் பொதுமக்களிடையே பரப்புவோருட் பலரை ஈர்ப்பது குதிரியாவ்ட்செவின் சான்றுகளன்று, இவ்வாக்குறுதியே. மெக்சிக்கோ வளைகுடாவிலுள்ள ஒரு வயலில் விளைச்சல் குறைந்து பின்னர்க் கூடியது என்னும் செய்தியை அவர் மீண்டும் மீண்டும் எடுத்துரைப்பர். கீழுள்ள தாய்ப்பாறையிலிருந்து பிளவுகளின் வழியே எண்ணெய் இன்னும் ஏறிவருதல் அவ்விளைச்சலுக்குப் போதிய விளக்கமாகும். அது சிறிது காலம் ஏறியது. பின்னர் அவ்வயலும் ஏனைய வயல்களைப்போல் இறங்கியது.

எண்ணெய் தேடுவோரின் நடைமுறையும் ஒரு சான்றே. கோடிக்கணக்கிற் பணம் இழக்கும் அபாயத்தோடு துளையிடுவோர் எக்கொள்கையை நம்பித் துளையிடுகின்றனர் என்பதை நோக்குக. இலங்கையின் நிலப்பரப்பிற் பத்தில் ஒன்பது பங்கு வரை பழம்பெரும் உருமாறிய பாறைகளே. எண்ணெய் இடையோட்டிலிருந்து எழுவது மெய்யாயின், வெடிப்புற்ற அப்பாறைகளும் தேடுதற்குரிய நல்லிடமே. ஆயினும் 1970களிற் சோவியத்து நாட்டின் உதவியோடு எண்ணெய் தேடியபோது துளைகள் மன்னார்த் தீவின் பேசாலையிலே, அடையற்பாறைகளிலேதான் இடப்பட்டன. அங்கே எண்ணெய் கிடைக்கவில்லை. 2011ஆம் ஆண்டில் மன்னார் வடிநிலத்தின் ஆழ்கடற் பகுதியில், பல கிலோமீற்றர் தடித்த அடையல்களைத் துளைத்தபோது இயற்கை வாயு வெளிப்பட்டது. மலைநாட்டுக் கருங்கல்லில் எண்ணெய் தேடித் துளையிட எவரும் இதுவரை முன்வரவில்லை.